செருமலோடு தொடங்கும் பாட்டு

தம்பி,

இவ்வளவு தடித்த கடிதத்தைக் கண்டதும் அம்மாவுக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று பதறாதே. பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன், முழங்கால் நோ மட்டும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கதைக்கிற நாங்கள் கடிதம் எழுதிப் பழகியவர்கள் இல்லை. ஆனால் இந்த விஷயத்தைத் தொலைபேசியில் சொல்ல மூன்று தரம் வெளிக்கிட்டு, மூன்று தரமும் "சாப்பிட்டியோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது. தாளில் எழுதினால் நீ என் முகத்தைப் பார்க்கமாட்டாய், நானும் உன் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. அந்தக் கோழைத்தனத்தோடுதான் தொடங்குகிறேன்.

போன கிழமை உன்னைக் கட்டப்போகிற பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தவள். "மாமி, வீடியோக்காரர் தீம் சோங் எது எண்டு கேக்கினம். மண்டபத்துக்குள்ளை நாங்கள் ரெண்டு பேரும் நடந்து வரேக்கை போடுறதுக்கு. உவர் ஒண்டும் வேண்டாமெண்டுறார். மேளம் மட்டும் காணுமாம். ஏனெண்டு கேட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு போறார். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ மாமி" என்றாள். நான் "ஓம் பிள்ளை, சொல்லுறன்" என்று வைத்துவிட்டுக் குசினி வாங்கிலேயே இருந்துவிட்டேன். உலை கொதித்து வழிந்து அடுப்பு நூர்ந்த பிறகுதான் எழும்பினேன். நீ ஏன் பாட்டு வேண்டாம் என்கிறாய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது பிழை. பத்து வருடமாக அந்தப் பிழையை நீ நம்பிக்கொண்டிருக்கும்படி விட்டவள் நான். அப்பா செத்த அன்று அவருடைய பாண் வண்டியில் பாட்டு ஏன் ஒலிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சத்தத்தைக் கேட்டே ஆளை அறிகிற ஊர் எங்களுடையது. மதிலும் தகரவேலியும் பூட்டிய படலையுமாக அடைத்துக்கொண்டு இருக்கிற சனம் ஒழுங்கையில் போவது யாரென்று எட்டிப் பார்ப்பதில்லை, காதால்தான் பார்க்கும். மீன்காரர் ரப்பர் ஹோர்னை இரண்டு தரம் அமுக்கினால் சட்டியோடு போவோம். வானொலியில் மரண அறிவித்தலுக்கு முன் ஒரு குறியிசை போடுவார்களே, அது தொடங்கினால் உன் அப்பா வாய்க்குக் கொண்டுபோன சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். யாருடைய பெயர் வரப்போகிறதோ தெரியாது, பாதிச் செய்தியை அந்த இசையே சொல்லிவிடும். நீ பிறப்பதற்கு முன் வானத்தில் வந்தவற்றுக்கும் ஒவ்வொன்றுக்கு ஒவ்வொரு இரைச்சல் இருந்தது. எது குண்டு போட வருவது, எது சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போவது என்று கேட்டுத்தான், பங்கருக்குள் இறங்குவதா கறியைக் கிண்டுவதா என்று முடிவெடுத்தோம். ஆகவே தீம் சோங் என்றால் என்னவென்று எனக்கு வீடியோக்காரர் படிப்பிக்கத் தேவையில்லை. ஒருவர் வந்து சேர முதலே இன்னார் வருகிறார் என்று சொல்வது அது. வெளியே வருவதா உள்ளேயே இருப்பதா என்று கேட்கிறவர் நினைக்க நேரம் கொடுப்பது அது. வருகிறவரை விடக் கேட்கிறவருக்குத்தான் அதனால் பயன் அதிகம். இதை நான் அறிந்துகொண்ட விதம் ஒருவருக்கும் வரக்கூடாது.

நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டம் ஒரே காற்றில் குலையோடு சாய்ந்த வருடம் உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் அப்பா ஒரு பழைய ஓட்டோவை வாங்கிப் பின்பக்கத்தில் கண்ணாடி அலுமாரி பூட்டி, புத்தூரில் ஒரு வெதுப்பகத்தில் பாணும் பணிசும் எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கத் தொடங்கினார். விடியவும் ஒரு சுற்று, பின்னேரத் தேத்தண்ணி நேரத்துக்கும் ஒரு சுற்று. எஞ்சினை நிறுத்தினாலும் பாடட்டும் என்று பாட்டுப் பெட்டியைப் பற்றரியில் நேரே கொளுவியிருந்தார், சுவிட்சை நிறுத்தும்வரை அது திரும்பத் திரும்பப் பாடும். முதலில் அதற்குள் இருந்தது கொழும்பிலிருந்து பெட்டியோடு வந்த பாட்டு. எல்லாப் பாண் வண்டியும் அதையேதான் பாடும். கோப்பாய்ப் பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி எங்கள் ஒழுங்கைகளுக்குள் அதே பாட்டோடு பத்து நிமிடம் முந்தி வரும். சனம் அதுதான் இது என்று நினைத்து வாங்கிவிடும். அப்பா பாதிப் பாணைத் திரும்பக் கொண்டுவருவார், மூன்று நாள் நாங்கள் பாணே சாப்பிடுவோம். "பாட்டும் இரவல், பாணும் பழசு, இது ஒரு வியாபாரமே?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் ஒருநாள் சொன்னார், "இஞ்சாரும், எங்களுக்கெண்டு ஒரு பாட்டு வேணும்."

அந்தப் பாட்டை அடித்துக் கொடுத்தது நீ. உனக்குப் பதினொரு வயது. கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய சின்ன ஓர்கனில் யாரிடமும் பழகாமல் நீயாகக் கண்டுபிடித்த மெட்டு, அரை நிமிடம்கூட வராது. ஓட்டோக் கொட்டிலுக்குள் வாளியைக் கவிழ்த்து, அதற்கு மேல் போனை வைத்து அப்பா பதிவு செய்தார். தொடங்கு என்று உனக்குக் கை காட்டுவதற்கு முன் ஏதோ தானே பாடப்போகிறவர் மாதிரி ஒரு செருமல் செருமினார். நீ அடித்தாய். கடைசிச் சுரத்தில் விரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டையில் விழுந்துவிட்டது. அது முடியவும் குசினியில் என் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்று நிலத்தில் விழுந்து சுழன்றது. நீ அழாக்குறையாக, "இன்னொருக்கா அடிக்கிறன் அப்பா, கடைசி பிழைச்சுப் போச்சு. அம்மா வேறை தட்டைப் போட்டிட்டா" என்றாய். அப்பா போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வேண்டாம். பிழையோடை இருக்கட்டும். அப்பதான் எங்கடை எண்டு சனத்துக்குத் தெரியும்." அவர் சொன்னபடியே ஆயிற்று. செருமல், உன் மெட்டு, பிழைத்த சுரம், தட்டு. ஒரு மாதத்துக்குள் நீர்வேலியிலிருந்து புத்தூர் வரைக்கும் அந்தப் பாட்டைத் தெரியாத படலை இல்லை. பக்கத்து வீட்டு ராணி அக்கா சொல்லுவா, "செருமல் கேட்ட உடனை நான் கேத்திலை அடுப்பிலை வைச்சிடுவன். பாண் வந்து சேர தேத்தண்ணி சரி." அந்த அரை நிமிடத்துக்குள் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். எங்களிடம் வேறு குடும்பப் படம் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை.

பிறகு நீ வளர்ந்தாய். பள்ளிக்கூடத்தில் பெடியள் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டார்கள். நீ வகுப்புக்குள் போனால் ஒருவன் செருமுவான், மற்றவர்கள் மெட்டை முனகுவார்கள். பரிசளிப்பு விழாவில் உன் பெயரை வாசித்தபோது பின்வரிசையில் அந்தச் செருமல் கேட்டது. பிறகு ஒரு வரிசை முழுக்கப் பாடியது. நானும் அங்கேதான் இருந்தேன். மேடையில் நீ சான்றிதழை வாங்கிக்கொண்டு சிரிக்காமல் இறங்கியதைப் பார்த்தேன். அடுத்த நாள் விடிய, அப்பா முதல் சுற்றுக்கு வெளிக்கிடும்போது நீ வாசலில் நின்று சொன்னாய், "உந்தப் பாட்டை நிப்பாட்டுங்கோ அப்பா. எங்கடை பள்ளிக்கூடப் பக்கம் உதைப் போட்டுக்கொண்டு வரவேண்டாம். உங்களுக்கு வெக்கமில்லையே?" சாப்பிடாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். அதுதான் நீ அவரோடு கதைத்த கடைசிக் கதை. அதை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ போன பிறகு அவர் என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. நொந்துதான் போயிருந்தார், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஹாண்டிலைத் துணியால் துடைத்தார். பிறகு, "பெடியள் பாடுறாங்கள் எண்டா பாட்டு நல்ல பாட்டெண்டுதானே? அவன் பெரியவனாகி ஒருநாள் கேப்பான், என்ரை பாட்டு எங்கை எண்டு. அப்ப நான் என்னத்தைக் காட்டுறது?" என்று கேட்டுவிட்டு, ஒழுங்கைத் தலைப்புக்குப் போனதும் வழக்கம்போல் பாட்டைப் போட்டுக்கொண்டுதான் போனார். கேட்டாயா? உன் சொல்லுக்காக அவர் பாட்டை நிறுத்தவில்லை. உன் பள்ளிக்கூட வாசலால் மட்டும் போகாமல், அன்று விடியச் சுற்றி வேறு ஒழுங்கையால் பாடிக்கொண்டு போயிருக்கிறார்.

இனி என் பங்கு. உனக்கு வெட்கம் வந்தது பதினேழு வயதில். அது அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற வருத்தம். எனக்கு நாற்பது தாண்டியும் அந்த வெட்கம் இருந்தது. பாண் விற்கிறவரின் மனைவி என்று என் பிறந்த வீட்டார் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லாமலே எனக்குக் கேட்கும். அதே நாள் பத்து மணிபோல் என் அண்ணரின் மனைவி, உன் பெரிய மாமி, தொலைபேசி எடுத்தா. அவர்களுடைய மகளைப் பெண் பார்க்க லண்டனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெரிய மாமா வீட்டிலேயே இரண்டு நாளாக நின்றார்கள். "குறை நினையாதை மச்சாள். பின்னேரம் எங்கடை ஒழுங்கையாலை வரேக்கை அந்தப் பாட்டைக் கொஞ்சம் போடாமல் வரச் சொல்லும். செருமலும் தட்டும்... அவை என்னவும் நினைப்பினம். ஆரெண்டு கேட்டா நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?" நான் கோபப்பட்டிருக்கவேண்டும். "என்ரை மனிசன் எண்டு சொல்லுங்கோ" என்றிருக்கவேண்டும். "ஓம் மச்சாள்" என்றேன்.

மத்தியானம் அவர் சாப்பிடும்போது கேட்டேன். சிரித்தார். "பாட்டில்லாமல் பாண் கொண்டு போறதெண்டா, சனத்துக்கு மணத்திலை தெரியுமே? அவைக்குப் பிடிக்காட்டி காதைப் பொத்தட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாயைப் போட்டுப் படுத்தார். அவருடைய குறட்டை கேட்டதும் நான் கொட்டிலுக்குப் போனேன். பெட்டிக்குப் பின்னால் ஸ்பீக்கருக்குப் போகிற வயரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். கறிவேப்பிலை ஆய்வதைவிட இலேசாக வந்துவிட்டது. ஒரு பின்னேரம்தானே, பெட்டி பழுது என்று நினைத்துக்கொண்டு போவார், வந்து பார்த்தால் கழன்று கிடக்கிறது என்று தானே கொளுவிக்கொள்வார் என்று நினைத்தேன். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் எழும்பி முகம் கழுவி, நான் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அவன் வந்தா முதல் சாப்பாட்டைக் குடும். விடியவும் சாப்பிடேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். பாட்டை எப்போதும் ஒழுங்கைத் தலைப்பில்தான் போடுவார் என்பதால் வீட்டில் வைத்து அவருக்குத் தெரியவில்லை.

பெரிய மாமா வீட்டு ஒழுங்கை உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். பாதி வீட்டுக்காரர் வெளிநாட்டில், படலைகளில் பூட்டுத் தொங்கும். மிச்சப்பேர் உள்ளே இருப்பார்கள், பாட்டுக் கேட்டால் வருவார்கள். அந்த ஒழுங்கையின் முடக்கில் வைத்து அப்பாவுக்கு நெஞ்சு நொந்திருக்கிறது. வண்டியை ஓரமாக்கி நிறுத்தியிருக்கிறார். ஹோர்ன் அடித்திருக்கிறார். அடித்தது கேட்டிருக்கிறது, அதுதான் கொடுமை. முடக்கு வீட்டு அம்மா செத்தவீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. "நீட்டுக்கு ஹோர்ன் சத்தம் கேட்டது தங்கச்சி. முன்வளவிலை வீடு கட்டுறவைக்குக் கல்லு லொறி வந்து நிக்குதாக்கும் எண்டு இருந்திட்டன். பாட்டுக் கேட்டிருந்தா ஓடி வந்திருப்பனே. ஏன் அண்டைக்குப் பாட்டைப் போடாமல் வந்தவர்?" ஹோர்ன் எல்லாருக்கும் ஒன்றுதான் தம்பி. யாரோ நிற்கிறார் என்று மட்டும் அது சொல்லும். யாரோவுக்காக ஒருவரும் கதவு திறப்பதில்லை. சைக்கிளில் வந்த ஒருவர் கண்டு ஆட்களைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மூன்றரை தாண்டிவிட்டது. டொக்டர் என்னிடம் ஒரு அரை மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். பெரிய மாமா வீடு அந்த முடக்கிலிருந்து நாலு படலை தள்ளி. வருடங்கள் போன பிறகு பெரிய மாமி ஒன்றும் அறியாமல் என்னிடம் சொன்னா, அன்று பின்னேரம் லண்டன் சம்பந்தி "அந்தப் பாண் வண்டி இண்டைக்குக் காணேல்லையே, அந்தப் பாட்டு நல்ல வடிவு" என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாவாம்.

முடக்கு வீட்டு அம்மா அப்படிக் கேட்டபோது நீ பிரேதத்தின் கால்மாட்டில் நின்றாய். உன் முகத்தில் அந்தக் கேள்வி விழுந்ததை நான் கண்டேன். எட்டாம் நாள் பின்னேரம் கிணற்றடியில் வந்து கேட்டாய், "அம்மா, அப்பா நான் சொன்னதாலைதான் பாட்டை நிப்பாட்டினவரோ?" நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "உதுகளைக் கதையாதை ராசா" என்றேன். ஆறுதல் சொன்ன மாதிரித்தான் இருந்தது. பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. கீரிமலையிலிருந்து வந்து, எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, நீ தனியே கொட்டிலுக்குள் போனாய். பெட்டி பழுதாகிப் போயிருக்கும், அதனால்தான் பாட்டு ஒலிக்கவில்லை என்று உனக்குக் கடைசியாக ஒரு நப்பாசை இருந்திருக்கவேண்டும். சுவிட்சைப் போட்டாய். செருமல் வந்தது, மெட்டு வந்தது, பிழைத்த சுரமும் தட்டும் வந்தன. ஒரு குறையும் இல்லாமல் பாடியது. நீ அதை நிறுத்தி, தறப்பாளால் வண்டியை மூடி, ஓர்கனைக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேல் வைத்தாய். அன்றோடு சரி. பெட்டி பாடியதற்குக் காரணம், அப்பா செத்த அன்று பின்னேரமே நான் அந்த வயரைத் திரும்பக் கொளுவியிருந்தேன். நீ சுவிட்சைப் போட்டபோது நான் குசினி யன்னலில் அகப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் போதும்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்பாய். எனக்கு மிச்சமிருந்தது நீ ஒருவன்தான், நீயும் என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன். செத்தவீட்டை முன்நின்று செய்தது பெரிய மாமா, அந்த வீட்டோடும் உன்னைப் பகைக்க வைக்க மனம் வரவில்லை. பிறகு, உன் சோதினை முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று தள்ளினேன். இதெல்லாம் காரணம் இல்லை, சாட்டு. பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் என் பாவத்தை ஏற்றிவிட்டு, அவனுக்கே சோறு போட்டு, அவன் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினேன். அதனால் நீ என்ன ஆனாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து உன் போன் சத்தமில்லாமல்தான் கிடக்கிறது. சிநேகிதரின் கலியாணத்தில் பாட்டுத் தொடங்கினால் எழும்பி வெளியே போகிறாயாம், பிள்ளை சொன்னாள். ஊருக்கு வந்தால் படலை திறக்கிற சத்தம்கூடக் கேட்காது, திரும்பிப் பார்த்தால் நிற்பாய். "சத்தம் சந்தடி இல்லாத பிள்ளை" என்று ஊர் மெச்சும். நான் அந்தப் பேச்சைக் கேட்டால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன்.

போன மாதம் நீ சொன்னாய், "அம்மா மணவறைக்குப் பக்கத்திலை வந்து நிக்கவேணும். ஆர் என்ன சொன்னாலும் எனக்குப் பரவாயில்லை." நான் "வழக்கமில்லை தம்பி" என்றேன். புருஷனை இழந்தவள் முன்னுக்கு வரக்கூடாது என்று எங்கள் சனம் நினைக்கிறது உண்மைதான். அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒளிந்துகொள்ள அது நல்ல மறைப்பாக இருந்தது. உன் கலியாணத்தில் உன் அப்பா நிற்கவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு முகமில்லை.

நீயும் பிள்ளையும் கலியாணம் முடிந்து அவுஸ்திரேலியா போகப்போகிறீர்கள். புத்தி சொல்லத் தகுதி இல்லாதவள் ஒரு புத்தி சொல்கிறேன். அவள் பெரிதாகச் சிரிக்கிறவள், தொலைபேசியிலேயே குசினி அதிர்கிறது. அவளை மெல்லச் சிரிக்கச் சொல்லு என்று நாளைக்கு யாராவது உன் காதில் ஓதினால், அது நானாக இருந்தாலும், அந்தச் சொல்லை அவளிடம் கொண்டுபோகாதே. அவளுக்கும் தெரியாமல் அவள் சத்தத்தைக் குறைக்க எந்த வயரையும் இழுக்காதே. வெட்கம் இரண்டு நாளில் போய்விடும். லண்டன் ஆட்கள் மூன்றாம் நாள் போய்விட்டார்கள். கூட இருக்கிறவரின் சத்தம் இல்லாமல் போனால், அவர் எந்த ஒழுங்கையில் விழுந்து கிடக்கிறார் என்று தேடவும் தெரியாது.

வயரைக் கொளுவியதை மட்டும் இன்னும் ஒழுங்காகச் சொல்லவில்லை. தள்ளித் தள்ளி இங்கே கொண்டுவந்துவிட்டேன், இனித் தள்ள இடமில்லை. நீ ஆஸ்பத்திரியில் பெரிய மாமாவோடு நின்றாய். பிரேதம் அடுத்த நாள்தான் தருவார்கள் என்று என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்து மணிபோல் வெதுப்பகத்து ஆள் ஒருவர் வண்டியை ஓட்டிவந்து கொட்டிலில் விட்டுவிட்டுச் சாவியை என் கையில் தந்தார். கண்ணாடி அலுமாரிக்குள் பாண் அப்படியே அடுக்கிக் கிடந்தது, ஒன்றுகூட விற்கவில்லை. யாராவது பெட்டியைப் பார்த்தால் வயர் இழுத்திருப்பது தெரிந்துவிடும். புருஷன் செத்து இரண்டு மணித்தியாலம் ஆகாத ஒருத்திக்கு அந்த நினைப்புத்தான் வந்தது. ஓடிப்போய்ப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு வயரைக் கொளுவினேன்.

கொளுவியதும் அப்பா செருமினார்.

எனக்குப் பின்னால் வந்து நிற்கிறார் என்றுதான் திரும்பினேன். பிறகு உன் மெட்டுத் தொடங்கியது. அப்போதுதான் பெட்டியைப் பார்த்தேன். சுவிட்ச் போட்டபடியே இருந்தது, தம்பி. ஒழுங்கைத் தலைப்பில் போட்டவர், பாட்டு வராதபோதும் அதை நிறுத்தவில்லை. அந்த முடக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த நேரமெல்லாம் அவர் உன் பாட்டைத்தான் போட்டு வைத்திருந்தார். நான் பதறிப்போய்ச் சுவிட்சை நிறுத்தினேன். அரை வரிகூட ஒலித்திருக்காது. அதற்குள் பக்கத்து வீட்டுப் படலை திறந்தது. செய்தி இன்னும் போய்ச்சேராத ராணி அக்கா கையில் கூடையோடு ஒழுங்கையில் வந்து நின்று, "என்ன, இண்டைக்கு இவ்வளவு பிந்திப் போச்சு?" என்று கேட்டா.

அரை வரிக்கு ஒருவர் ஓடி வந்தா. அதற்குப் பிறகு ஒரு பின்னேரம்கூட அந்தக் கூடையை நான் மறந்ததில்லை.

அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்த மெமரி கார்டை இந்தத் தாளோடு ஒட்டி அனுப்புகிறேன். அவருடைய குரல் என்று எங்களிடம் இருப்பது அந்தச் செருமல் மட்டும்தான். அதை மண்டபத்தில் போடுவாயோ, வேறு பாட்டைப் போடுவாயோ, அது உன் விருப்பம். இதை வாசித்த பிறகு என்னை முன்னுக்கு நிறுத்துவாயோ, மண்டபத்துக்கே வரவேண்டாம் என்பாயோ, அதுவும் உன் விருப்பம். உண்மையை மறைத்துக் கிடைத்த எதையும் இனி நான் வைத்திருக்க விரும்பவில்லை, உன் அன்பையும்தான். ஒன்றை மட்டும் நம்பு. உன் பாட்டை அப்பா நிறுத்தவில்லை. இரண்டு தரம் நிறுத்தியது நான்.

அம்மா